கார் ஹெட்லைட் பல்பு எத்தனை நாள் தாங்கும்? புதிதாகக் கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம்

எங்கள் குடியிருப்பில் இரண்டு பேர், ஒரே கடையில், ஒரே கம்பெனியின் ஹெட்லைட் பல்பை வாங்கித் தங்கள் காரில் மாட்டினார்கள். ஒருவர் வங்கி வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். "ஆறு வருஷமா எரியுது, இதுக்கு மேல ஒரு பல்பு கிடையாது" என்கிறார். இன்னொருவர் கால் டாக்ஸி ஓட்டுபவர், இரவு ஷிஃப்ட். "எட்டு மாசத்துல பீஸ் போச்சு, அந்தக் கம்பெனி பக்கமே போகாதீங்க" என்கிறார். இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். ஆனால் இவர்கள் பேச்சைக் கேட்டுவிட்டு மூன்றாவது ஆள் ஒருவர் கடைக்குப் போனால், எதை நம்பி எந்தப் பல்பை வாங்குவார்?

எந்தக் கம்பெனி பல்பு நிறைய நாள் வரும் என்று கேட்டால் பத்துப் பேர் பத்துப் பெயர் சொல்வார்கள், ஒவ்வொருவரும் அடித்துச் சொல்வார்கள். எனக்கும் ஒரு காலத்தில் அப்படி ஒரு பெயர் இருந்தது. பல்புக்குள் என்ன நடக்கிறது என்று புரிந்துகொண்ட பிறகு, கம்பெனிப் பெயருக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு சில இருக்கின்றன என்று தெரிந்தது. அதைத்தான் அடியிலிருந்து சொல்லப் போகிறேன். இதைப் படிக்க வண்டி மெக்கானிசம் எதுவும் தெரிந்திருக்கத் தேவையில்லை.

## பல்புக்கு மாதக் கணக்கு தெரியாது

ஓய்வு பெற்றவரின் கணக்கை முதலில் போட்டுப் பார்ப்போம். இருட்டிய பிறகு அவர் வண்டி எடுப்பதே அபூர்வம். கோயிலுக்கு, பேத்தியை டியூஷனிலிருந்து கூட்டி வர என்று ஒரு நாளைக்குச் சராசரியாகப் பத்து நிமிடம் ஹெட்லைட் எரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு ஏறக்குறைய 60 மணி நேரம், ஆறு வருடத்துக்கு 360 மணி நேரம். டாக்ஸிக்காரருக்கு ஓர் இரவில் குறைந்தது நான்கு மணி நேரம் எரிகிறது, மாதம் 25 நாள் ஓட்டுகிறார். எட்டு மாதத்தில் 800 மணி நேரம் ஆகிவிட்டது. அவர் திட்டித் தீர்த்த பல்பு, மற்றவர் புகழ்கிற பல்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் உழைத்துவிட்டுத்தான் போயிருக்கிறது.

வெளிநாட்டு விமர்சனங்களைப் படிக்கும்போதும் இதை நினைவில் வைக்க வேண்டும். ஸ்வீடனில் 1977-லிருந்தே பட்டப்பகலிலும் வண்டி விளக்கு எரிந்தாக வேண்டும் என்பது சட்டம். அங்கே ஒருவர் 'ஒரு வருஷம்தான் வந்தது' என்று எழுதினால், அவர் ஓட்டிய ஒவ்வொரு நிமிடமும் அந்தப் பல்பு எரிந்திருக்கலாம். நம் ஊரில் 2017 ஏப்ரல் 1 முதல் புதிய இருசக்கர வாகனங்களில் விளக்கு எப்போதும் எரிகிற மாதிரி செய்தார்கள் இல்லையா, அதன் பிறகு ஹாலஜன் விளக்கு உள்ள பைக்குகளிலும் இதே கதைதான்.

ஆகவே யாராவது 'இத்தனை மாதம் வந்தது' என்று சொன்னால் உடனே கேட்க வேண்டியது, 'ராத்திரி எவ்வளவு ஓட்டுவீங்க?' என்பதுதான். அந்தப் பதில் இல்லாத ஒப்பீட்டை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

## கற்பூரம் கரைகிற மாதிரி

பூஜை அறையில் கற்பூரக் கட்டியை மூடாமல் வைத்துவிட்டு ஊருக்குப் போய் வந்தால் அது பாதியாகியிருக்கும். உருகி ஓடவில்லை, யாரும் எடுக்கவுமில்லை. கட்டியாக இருந்தபடியே காற்றில் ஆவியாகப் போயிருக்கிறது. ஹெட்லைட் பல்புக்குள்ளும் இதுதான் நடக்கிறது, கற்பூரத்துக்குப் பதிலாக உலோகம்.

பல்பின் நடுவில் சுருளாகத் தெரிகிற மெல்லிய கம்பிக்கு இழை என்று பெயர். டங்ஸ்டன் என்ற உலோகத்தால் ஆனது. மின்சாரம் பாயும்போது இந்த இழை 3000 டிகிரி செல்சியஸை நெருங்குகிற அளவுக்குச் சூடாகிறது, அந்தச் சூட்டில்தான் வெள்ளையாக ஒளிவிடுகிறது. டங்ஸ்டன் உருகுவது 3422 டிகிரியில், வேறு எந்த உலோகமும் அவ்வளவு சூடு தாங்காது. அதனால்தான் இதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் உருகாவிட்டாலும் அந்தச் சூட்டில் அதன் மேற்பரப்பிலிருந்து அணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பிப் போய்க்கொண்டே இருக்கும். எரிகிற ஒவ்வொரு நிமிடமும் இழை துளித் துளியாக இளைக்கிறது.

அது ஒரே சீராக இளைத்தாலாவது பரவாயில்லை. கிணற்றுத் தாம்புக்கயிற்றை யோசித்துப் பாருங்கள். கயிறு முழுவதும் நன்றாக இருக்கும், உருளையில் உரசுகிற ஒரு இடம் மட்டும் நூல் நூலாகப் பிரிந்திருக்கும், கடைசியில் அங்கேதான் அறும். இழையிலும் எங்கேயாவது ஒரு புள்ளி மற்ற இடங்களைவிட மயிரளவு மெலிந்திருக்கும். மெலிந்த இடத்தில் மின்சாரத்துக்கு இடைஞ்சல் அதிகம், அதனால் அங்கே சூடு அதிகம், சூடு அதிகமானதால் அங்கிருந்து டங்ஸ்டன் இன்னும் வேகமாகப் போகும், இன்னும் மெலியும், இன்னும் சூடாகும். கடைசிக் காலத்தில் இந்தச் சுற்று ரொம்ப வேகமாக நடக்கிறது.

"நேத்து ராத்திரி நல்லாத்தான் எரிஞ்சுது, இன்னிக்கு ஸ்விட்சைப் போட்டதும் டப்புனு போச்சு" என்று எல்லோரும் சொல்வதற்குக் காரணமும் இதில் இருக்கிறது. குளிர்ந்திருக்கும் டங்ஸ்டன் மின்சாரத்தை மிகச் சுலபமாக விடும், சூடானால்தான் தடுக்கும். குளிர்ந்த இழையின் தடை, எரியும்போது இருப்பதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். அதனால் ஸ்விட்ச் போட்ட கணத்தில், ஒரு கண்ணிமைப்புக்கும் குறைவான நேரத்துக்கு, வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்சாரம் பாய்கிறது. நல்ல இழை அதைத் தாங்கும். மெலிந்துபோன இழை அந்த ஒரு உதறலில் அறுந்துவிடும். ஆக, அன்றைக்குக் காலையில் நடந்தது முடிவு மட்டும்தான், பல நூறு மணி நேரத் தேய்மானம் அதற்கு முன்பே நடந்திருந்தது.

## ஹாலஜன் என்ன செய்கிறது?

வீட்டில் முன்பு எரிந்த குண்டு பல்பு ஞாபகம் இருக்கிறதா? பழசாகப் பழசாக உள்பக்கம் புகை படிந்த மாதிரி கறுத்துவிடும். அது புகை இல்லை, இழையிலிருந்து கிளம்பிய டங்ஸ்டன்தான் கண்ணாடியில் போய் ஒட்டியிருக்கிறது. பல்பு சாவதற்கு முன்பே மங்கிவிடும்.

கார் பல்பில் இதைத் தடுக்க அயோடின் அல்லது புரோமின் சேர்ந்த வாயுவைத் துளியூண்டு அடைத்திருப்பார்கள். இவை ஹாலஜன் என்ற தனிமக் குடும்பத்தைச் சேர்ந்தவை, பல்புக்குப் பெயரும் அதனால்தான். இந்த வாயு ஷேர் ஆட்டோ மாதிரி வேலை செய்கிறது. கண்ணாடிப் பக்கம் வந்து சேருகிற டங்ஸ்டன் அணுக்களை ஏற்றிக்கொள்கிறது, உள்ளே சுற்றி வருகிறது, இழையின் பக்கத்தில் சூடு தாங்காமல் இறக்கி விட்டுவிட்டு மறுபடி கண்ணாடிப் பக்கம் போகிறது. இதற்கு ஹாலஜன் சுழற்சி என்று பெயர். இது நடக்கக் கண்ணாடியே 250 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், அதனால்தான் கார் பல்பு விரல் நுனி அளவுக்குச் சின்னதாக, சூடு தாங்குகிற குவார்ட்ஸ் கண்ணாடியில் வருகிறது.

1959-ல் அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் இதற்குக் காப்புரிமை பெற்றது. 1962-ல் ஐரோப்பாவில் எச்1 என்ற முதல் ஹாலஜன் கார் பல்பு வந்தது. ஒரே பல்புக்குள் டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என்று இரண்டு இழை வைத்த எச்4 பல்பு 1971-ல் வந்தது. நம் ஊர்ச் சின்னக் கார்களில் நிறைய ஓடுவது இன்றைக்கும் அந்த எச்4 தான்.

இங்கே ஒரு தப்பான நம்பிக்கை உண்டு. போன டங்ஸ்டன் திரும்ப வந்துவிடுகிறது என்றால் ஹாலஜன் பல்பு சாகவே கூடாதே? பிரச்சினை என்னவென்றால், ஷேர் ஆட்டோ ஏறின ஸ்டாப்பிலேயே ஆளை இறக்கி விடாது. மெலிந்த இடத்திலிருந்து போன அணு, இழையின் வேறு ஏதோ ஒரு மூலையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. கண்ணாடி கறுக்காமல் கடைசிவரை வெளிச்சம் ஒரே மாதிரி இருக்கும், இழையைக் கூடுதல் சூட்டில் எரிக்கவும் முடியும். ஆனால் மெலிந்த இடம் மெலிந்தபடியேதான் இருக்கும்.

சுருக்கமாக, பல்பு சாவது இழை ஒரு இடத்தில் ஆவியாகி இளைப்பதால். அதை வேகப்படுத்துவது சூடு. இனி வரப்போகிற எல்லாமே இந்தச் சூட்டைச் சுற்றித்தான்.

## பி3, டிசி: ஒரு மாம்பழக் கூடைக் கணக்கு

ஒரு பல்பின் ஆயுள் 500 மணி நேரம் என்றால், 499 மணி வரை எரிந்து 500-ல் அணையும் என்று அர்த்தம் இல்லை. ஒரே நாளில் ஒரே இயந்திரத்தில் செய்த பல்புகள்கூட வெவ்வேறு நேரத்தில் போகும்.

நூறு மாம்பழம் உள்ள கூடையை வீட்டில் வைத்திருக்கிறீர்கள். மூன்று பழம் அழுகுவதற்குள் எத்தனை நாள் ஆனது என்று குறித்துக்கொள்கிறீர்கள். அப்புறம் 63 பழம் அழுகும்போது எத்தனை நாள் என்று குறிக்கிறீர்கள். முதல் எண் 'எத்தனை நாள் வரை அநேகமாகக் கவலை இல்லை' என்று சொல்கிறது, இரண்டாவது எண் 'பெரும்பாலானவை போய்ச் சேர்கிற நேரம்' என்று சொல்கிறது. பல்புக்கும் இதே இரண்டு எண்தான். நூற்றுக்கு மூன்று போகிற நேரத்துக்கு பி3 என்று பெயர். நூற்றுக்கு ஏறக்குறைய 63 போகிற நேரத்துக்கு டிசி என்று பெயர். ஐஇசி 60810 என்ற சர்வதேசத் தரநிலை இப்படித்தான் கணக்கெடுக்கச் சொல்கிறது, சோதனை 13.2 வோல்ட்டில் நடக்கும். இந்த 13.2-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒரு உதாரணம். ஆஸ்ரம் கம்பெனியின் சாதாரண எச்7 பல்புக்கு (ஒரே இழை உள்ள இன்னொரு ஹாலஜன் வகை) பி3 330 மணி, டிசி 550 மணி என்று கொடுத்திருக்கிறார்கள். ராத்திரியில் சராசரியாக 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுபவருக்கு 330 மணி என்பது 13,200 கிலோமீட்டர். தினமும் ஒரு மணி நேரம் இரவில் ஓட்டினால் பதினோரு மாதம். நம் ஓய்வு பெற்றவர் மாதிரி பத்து நிமிடம் என்றால் ஐந்து வருடத்துக்கு மேல். பல்பு ஒன்றுதான், அதன் எண்ணும் ஒன்றுதான்.

இன்னொன்றும் இதிலிருந்து புரியும். நூற்றில் மூன்று பல்பு சீக்கிரம் போவது கணக்கிலேயே இருக்கிறது. உங்களுக்குக் கிடைத்தது அந்த மூன்றில் ஒன்று என்றால் அதை வைத்துக் கம்பெனியை எடை போட முடியாது, அறுபதாவது பல்பு கிடைத்தவர் புகழ்வதை வைத்தும் முடியாது. ஒரு ஜோடியில் ஒரு பல்பு போனதும் மற்றதும் சில வாரங்களில் போவதற்குக் காரணமும் இதுதான்: இரண்டும் ஒரே மணி நேரம் எரிந்தவை, கூடையில் இரண்டும் ஒரே அளவு பழுத்தவை. இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள் என்று மெக்கானிக் சொன்னால் அது வியாபாரப் பேச்சு என்று நினைக்காதீர்கள்.

## வெளிச்சமா, ஆயுளா?

எல்லாக் குழப்பத்துக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

இழையை அதிகம் சூடாக்கினால் வெளிச்சம் வெள்ளையாக, பிரகாசமாக வரும், இழை சீக்கிரம் இளைக்கும். கொஞ்சம் குறைவாகச் சூடாக்கினால் வெளிச்சம் மஞ்சளாக, சற்று மங்கலாக இருக்கும், இழை நீண்ட நாள் நிற்கும். ஹாலஜன் பல்பு செய்கிற எல்லோரும், எந்த நாட்டில் எந்தப் பெயரில் செய்தாலும், இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்துத்தான் ஆக வேண்டும்.

அமெரிக்காவில் கலிபோர்னியாவின் லிவர்மோர் நகரத் தீயணைப்பு நிலையத்தில் ஒரு பல்பு 1901-லிருந்து எரிகிறது. 'அந்தக் காலத்துப் பொருள் அப்படி, இப்போதெல்லாம் வேணும்னே சாகிற மாதிரி செய்கிறார்கள்' என்பதற்கு அதைத்தான் ஆதாரமாகக் காட்டுவார்கள். அந்தப் பல்பின் கார்பன் இழை இன்று ஏறக்குறைய நான்கு வாட் அளவில், இரவு விளக்கு மாதிரி மினுங்குகிறது. பெரும்பாலும் அணைப்பதுமில்லை, அதனால் ஸ்விட்ச் போடும்போது வரும் அந்த உதறலும் இல்லை. அந்த வெளிச்சத்தில் நெடுஞ்சாலையில் ஒரு மாடு குறுக்கே நின்றால் இடிக்கும்வரை தெரியாது.

வேண்டுமென்றே ஆயுளைக் குறைத்த சரித்திரம் உண்மையில் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். 1924-ல் ஆஸ்ரம், பிலிப்ஸ் உள்ளிட்ட பெரிய பல்பு கம்பெனிகள் ஜெனீவாவில் ஃபீபஸ் என்ற கூட்டணி அமைத்து, வீட்டுப் பல்பின் ஆயுளை 1000 மணி நேரமாக நிர்ணயித்தன. அதற்கு மேல் எரிகிற பல்பைச் செய்த உறுப்பினருக்கு அபராதம் போட்டார்கள். இரண்டாம் உலகப் போரோடு அது கலைந்தது. அவர்கள் செய்தது லாபத்துக்காகத்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஆயுளைக் குறைத்தால் அதே மின்சாரத்தில் வெளிச்சம் கூடும் என்பதும் இயற்பியல் உண்மைதான், அதைக் கூட்டணி கண்டுபிடிக்கவில்லை. வீட்டுப் பல்பில் நடந்த இந்தக் கதையை அப்படியே இன்றைய கார் பல்பின் மேல் ஏற்றிவிடுவதில்தான் தப்பு வருகிறது. கார் பல்பில் நீண்ட ஆயுள் வகையையும் அதே கம்பெனிகள் வெளிப்படையாக விற்கின்றன, பெட்டியிலேயே எழுதி.

## அப்படியானால் கம்பெனிகளுக்குள் வித்தியாசமே இல்லையா?

இருக்கிறது, ஆனால் நாம் தேடுகிற இடத்தில் இல்லை. ஒரே கம்பெனியின் இரண்டு வகைப் பல்புகளுக்கு நடுவில் இருக்கிற வித்தியாசம், இரண்டு நல்ல கம்பெனிகளின் ஒரே வகைப் பல்புகளுக்கு நடுவில் இருக்கிற வித்தியாசத்தைவிட மிகப் பெரியது.

ஆஸ்ரமில் 'நைட் பிரேக்கர்' என்று ஒரு வரிசை, 'அல்ட்ரா லைஃப்' என்று ஒரு வரிசை. முன்னது வெளிச்சத்துக்கு, பின்னது ஆயுளுக்கு. பிலிப்ஸில் 'எக்ஸ்ட்ரீம் விஷன்' வெளிச்சத்துக்கு, 'லாங்லைஃப் ஈகோவிஷன்' ஆயுளுக்கு. ஈகோவிஷன் நான்கு மடங்கு வரை ஆயுள், ஒரு லட்சம் கிலோமீட்டர் வரை என்று விளம்பரம் செய்கிறார்கள். ஆகவே 'பிலிப்ஸ் நல்லா உழைக்கும்' என்றோ 'ஆஸ்ரம் சீக்கிரம் போயிடும்' என்றோ யாராவது சொன்னால், எந்த பிலிப்ஸ், எந்த ஆஸ்ரம் என்று கேட்காமல் விடக் கூடாது.

பெட்டியில் '130 சதவீதம் கூடுதல் வெளிச்சம்', '150 சதவீதம்' என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பல்பு மொத்தமாக எவ்வளவு ஒளி விடலாம் என்பதற்கு ஐ.நா.வின் ஆர்37 என்ற விதிமுறை எல்லை வைத்திருக்கிறது. எச்7 என்றால் 13.2 வோல்ட்டில் 1500 லூமென், கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம், அவ்வளவுதான். லூமென் என்பது ஒரு விளக்கிலிருந்து வெளியேறும் மொத்த ஒளியின் அளவு. அப்படியானால் 150 சதவீதம் எங்கிருந்து வந்தது? இழையை இன்னும் சின்னதாக, நெருக்கமாகச் சுற்றி, இன்னும் சூடாக எரித்தால், ஹெட்லைட்டின் பிரதிபலிப்பான் அந்த ஒளியைச் சாலையின் ஒரு குறிப்பிட்ட பகுதியில் குவிக்கும். அந்தப் பகுதியில் அளந்து, சட்டம் கேட்கிற குறைந்தபட்ச அளவோடு ஒப்பிட்டு அந்தச் சதவீதத்தைப் போடுகிறார்கள். பொய் இல்லை, ஆனால் பல்பு இரண்டரை மடங்கு ஒளி விடும் என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றமாக இருக்கும். அந்தச் சூட்டுக்கு விலை ஆயுள்தான்.

நீலப் பூச்சு போட்ட பல்புகள் இதைவிட மோசம். பூச்சு ஒளியின் மஞ்சள், சிவப்புப் பங்கைத் தடுத்துவிடுகிறது, தடுத்ததை ஈடுகட்ட இழையை இன்னும் சூடாக்க வேண்டியிருக்கிறது. ஆயுளும் குறைவு, மழை நாளில் சாலையும் சரியாகத் தெரியாது. பார்க்க அழகு என்பதைத் தவிர இதை வாங்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

பெட்டியில் உள்ள பெயரும் செய்த தொழிற்சாலையும் வேறு வேறாக இருப்பதும் சகஜம். பிலிப்ஸ் பெயரில் வரும் கார் பல்புகளைப் பல வருடங்களாகத் தயாரித்து வந்தது லூமிலெட்ஸ் என்ற தனி நிறுவனம். நொய்டாவில் ஹாலஜன் பல்பு செய்துவந்த ஃபீனிக்ஸ் லேம்ப்ஸை 2015-ல் பெங்களூரின் சுப்ரஜித் வாங்கியது, அதன் பல்புகள் வெளிநாட்டுக்கும் போகின்றன. நல்ல தொழிற்சாலைக்கும் மட்டமான தொழிற்சாலைக்கும் வித்தியாசம், இழை எவ்வளவு ஒரே சீரான தடிமனில் இருக்கிறது, வாயு எவ்வளவு சுத்தமாக அடைக்கப்பட்டிருக்கிறது என்பதில் தெரியும். மாம்பழக் கணக்கில் சொன்னால், மட்டமான தொழிற்சாலைக் கூடையில் முதல் வாரத்திலேயே அழுகுகிற பழம் அதிகம். பெயர் தெரியாத நூறு ரூபாய்ப் பல்பும், பெரிய கம்பெனி பெட்டியைக் காப்பியடித்து வருகிற போலியும் ஏமாற்றுவது இங்கேதான்.

இதுவரை: முதலில் வகை, அப்புறம்தான் கம்பெனி. வெளிச்ச வகையை வாங்கிவிட்டு ஆயுள் இல்லை என்று திட்டுவது நியாயமில்லை.

## வண்டியும் பல்பைக் கொல்லும்

என் பழைய காரில் ஒரு வருடத்துக்குள் மூன்று பல்பு போனது. முதல் கம்பெனியைத் திட்டினேன், இரண்டாவதற்கு மாறினேன், அதுவும் போனது. மூன்றாவது போனதும் எங்கள் பகுதி ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன் பல்பைத் தொடவே இல்லை. மல்டிமீட்டரை எடுத்து பேட்டரியில் வைத்து, என்ஜினைக் கொஞ்சம் ரேஸ் பண்ணச் சொன்னார். 15.1 வோல்ட் காட்டியது. "பல்பை மாத்திட்டே இருக்காதீங்க சார், ஆல்டர்னேட்டர்ல ரெகுலேட்டர் போயிருக்கு" என்றார்.

ஆல்டர்னேட்டர் என்பது என்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கிற இயந்திரம், அது அளவுக்கு மேல் போகாமல் பிடித்து வைப்பது ரெகுலேட்டர். கார் பேட்டரி 12 வோல்ட் என்று சொன்னாலும், ஓடும் வண்டியில் 13.8 முதல் 14.4 வரை இருப்பது சாதாரணம். இழைக்கு இந்தச் சின்ன வித்தியாசம் சின்னதே இல்லை. வோல்டேஜ் 5 சதவீதம் கூடினால் வெளிச்சம் ஏறக்குறைய 18 சதவீதம் கூடும், ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். 13.2-ல் 550 மணி வருகிற பல்பு, பல்பின் முனையிலேயே 14 வோல்ட் கிடைத்தால் 250 மணி பக்கம்தான் வரும், 14.4 என்றால் மூன்றில் ஒரு பங்கு. என் வண்டியின் 15.1-ல் ஐந்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. முன்பெல்லாம் ஊரில் ஹை வோல்டேஜ் வந்து வீட்டுப் பல்பு பளிச்சென்று எரிந்து அப்படியே போகுமே, அதேதான்.

நல்லவேளையாக பேட்டரியில் இருப்பது அப்படியே பல்புக்குப் போவதில்லை. ஸ்விட்ச், வயர், கப்ளர் (பல்பின் பின்னால் செருகுகிற சாக்கெட்) என்று வழியில் கொஞ்சம் இழக்கிறது. மெல்லிய வயர் போட்ட பழைய வண்டியில் பல்புக்கு 12.5 வோல்ட்தான் போய்ச் சேரும், வெளிச்சம் அழுது வடியும், பல்பு மட்டும் வருடக்கணக்கில் வரும். 'அந்த மாடல் காரில் பல்பே மாத்த வேண்டியதில்லை' என்று சிலர் பெருமையாகச் சொல்வதற்குப் பின்னால் சில நேரம் இருப்பது இதுதான். அதே வண்டியில் தடிமனான வயரும், பேட்டரியிலிருந்து நேராகப் பல்புக்கு மின்சாரம் விடுகிற ரிலே என்ற ஸ்விட்சும் போட்டால் வெளிச்சம் அள்ளும், பல்பு சீக்கிரம் போக ஆரம்பிக்கும். சில புதிய கார்களில் கம்ப்யூட்டரே மின்சாரத்தைத் துண்டு துண்டாக வெட்டி அனுப்பி, பல்புக்குத் தேவையான அளவுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்கிறது. ஆக ஒரே பல்பு மூன்று கார்களில் மூன்று ஆயுள் காட்டும்.

இன்னும் சில சின்ன விஷயங்கள். பல்பின் கண்ணாடியை வெறும் விரலால் தொடாதீர்கள், விரலின் எண்ணெயும் உப்பும் சூட்டில் குவார்ட்ஸைச் சிதைத்து, அந்த இடம் வெண்மையாகிப் பலவீனமாகும். தொட்டுவிட்டால் ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட்டுப் போடுங்கள். எரிகிற இழை மென்மையாக இருக்கும், விளக்கு எரியும்போது பானட்டை அறைந்து மூடினால் அதற்கு அது ஒரு இடி. ஹெட்லைட்டின் பின்பக்க ரப்பர் மூடி இல்லாமல் ஓட்டினால் ஈரமும் தூசியும் உள்ளே போகும்.

100/90 வாட் பல்பு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது ஆபத்து. எச்4-க்கு அனுமதிக்கப்பட்டது 60/55 வாட், அதாவது பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55. 60 வாட் இழை 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும், 100 வாட் இழை 8.3 ஆம்பியர். மின்சாரம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, ஆனால் வயரிலும் கப்ளரிலும் உண்டாகிற சூடு ஏறக்குறைய மூன்று மடங்கு. கப்ளர் பழுப்பாகி உருகி நிற்பதை எந்த எலக்ட்ரீஷியன் கடையிலும் பார்க்கலாம். எதிரே வருகிற பைக்காரருக்குக் கண் கூசி அவர் பள்ளத்தில் இறங்கினால் அதற்கு யார் பொறுப்பு? தயவுசெய்து போடாதீர்கள்.

## எச்ஐடியும் எல்இடியும்

இவற்றில் இழையே கிடையாது, அதனால் சாகிற விதமும் வேறு. எச்ஐடி என்பது வாயுவுக்குள் மின்பொறியைத் தொடர்ந்து எரிய வைக்கிற விளக்கு, 1991-ல் பிஎம்டபிள்யூ 7 சீரிஸில் வந்தது. 2000 முதல் 3000 மணி வரை வரும். திடீரென்று அணைவதைவிட, மெல்ல மங்கி நிறம் ஊதாப் பக்கம் சாய்வதுதான் அதிகம்.

எல்இடி மெதுவாக மங்கும். அதனால் 'எப்போது அணையும்' என்பதைவிட, முதல் நாள் வெளிச்சத்தில் 70 சதவீதமாகக் குறைய எவ்வளவு நேரம் என்றுதான் அளக்கிறார்கள். 2007-ல் லெக்சஸ் எல்எஸ் 600எச் காரில் டிம் வெளிச்சத்துக்கே எல்இடி வந்தது. கம்பெனியே பொருத்தித் தருகிற எல்இடி ஹெட்லைட் பல கார்களில் வண்டியின் ஆயுள் முழுக்க வரும். ஆனால் ஹாலஜன் பல்பைக் கழற்றிவிட்டுச் செருகுகிற எல்இடி பல்பில் '50,000 மணி' என்று எழுதியிருந்தால், அது உள்ளே ஒளி விடுகிற சின்னச் சில்லுக்கு, சூடு கட்டுக்குள் இருக்கும்போது உள்ள கணக்கு. நடைமுறையில் முதலில் போவது பின்பக்கத்துச் சின்ன மின்விசிறியும் மின்சுற்றும்தான். பெரும்பாலான நாடுகளில் இப்படி மாற்றிப் போடுவதற்கு அனுமதியும் இல்லை. ஜெர்மனியில் 2020-ல்தான் ஆஸ்ரமின் ஒரு எல்இடி பல்புக்கு, குறிப்பிட்ட கார் மாடல்களுக்கு மட்டும், முதன்முதலாக அனுமதி கொடுத்தார்கள்.

## கடைக்குப் போவதற்கு முன்

நீங்கள் இரவில் நிறைய ஓட்டுபவர், அதுவும் டிராஃபிக்கில், தெருவிளக்கு உள்ள நகரத்தில்தான் அதிகம் என்றால் நீண்ட ஆயுள் வகையை வாங்குங்கள். டாக்ஸிக்காரருக்கு நான் சொன்னதும் அதுதான். இரவில் அபூர்வமாக ஓட்டுவீர்கள், ஆனால் ஓட்டினால் இருட்டான நெடுஞ்சாலையில்தான் என்றால் வெளிச்ச வகைக்குப் பணம் கொடுக்கலாம், வருடத்துக்கு 60 மணி எரிகிற பல்புக்கு ஆயுள் குறைந்தால் என்ன நஷ்டம்? இரண்டும் வேண்டாம், சாதாரணமாகப் போதும் என்றால் நல்ல பெயருள்ள கம்பெனியின் சாதாரண வகை போதும், அதில் எந்தக் கம்பெனி என்று ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அடிக்கடி போகிறது என்றால் பல்பை மாற்றுவதற்கு முன் வோல்டேஜைப் பார்க்கச் சொல்லுங்கள், ஐந்து நிமிட வேலை.

பழைய பல்பைத் தூக்கிப் போடுவதற்கு முன் ஒரு தடவை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இழை அறுந்து கண்ணாடி தெளிவாக இருந்தால் வயதாகிப் போயிருக்கிறது. கண்ணாடி உள்ளே வெள்ளையாகவோ மஞ்சளாகவோ பூத்திருந்தால் எங்கேயோ விரிசல் விட்டுக் காற்று போயிருக்கிறது, அதற்குக் காரணம் இழைத் தேய்மானம் இல்லை. அடிப்பகுதி கருகியிருந்தால் கப்ளரை மாற்றாமல் புதுப் பல்பு போடாதீர்கள்.

நான் இப்போது பல்பு மாற்றும்போது பெட்டியின் மேல் தேதியையும் ஓடிய கிலோமீட்டரையும் பேனாவால் எழுதி டேஷ்போர்டில் போட்டு வைக்கிறேன். ரெகுலேட்டர் மாற்றிய பிறகு போட்ட ஜோடி, 41,200-ல் போட்டது. இன்று வண்டி 63,000 தாண்டிவிட்டது, இரண்டும் எரிகின்றன. அதில் பாதிக்கு மேல் பகல் ஓட்டம் என்பதையும் பெட்டியிலேயே எழுதி வைத்திருக்கிறேன்.